கல்முனை பஸ் எப்ப வரும்? பயணிகளின் போன் எழுதிய வரலாறு

ஒலுவிலில் எங்கிட கெம்பஸுக்கு ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வருவாங்க. யாழ்ப்பாணம், புத்தளம், குருநாகல், மாத்தளை என்று நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வருவாங்க. முதல் கிழமையிலேயே எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கு: "கல்முனைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" இதற்கான பதில் யாரிடம் இருக்கு என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் காக்காவிடம் இருக்கும். கண்டக்டரிடம் இருக்கும். மூன்றாம் வருஷப் பிள்ளையின் வட்ஸ்அப் குறூப்பில் இருக்கும். ஆனால் நடுவழித் தரிப்பிடம் ஒன்றில் நிற்கும் ஆளுக்கு அது எழுத்தில் கிடைப்பது அரிது.

இந்தப் பதில் வாய்ப்பேச்சிலிருந்து போனுக்குள் எப்படிப் போனது, எந்த நாட்டில் யார் அதைச் செய்தார்கள், எங்கிட வீதிக்கு அதிலிருந்து என்ன எடுக்கலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கிறோம். இது ஏதோ ஒரு அப்புக்கான விளம்பரம் இல்லை. கடைசி பஸ் எப்ப போகும் என்று தெரியாத ஒரு தங்கச்சி, லைப்ரரியிலிருந்து ஒரு மணித்தியாலம் முந்தியே எழும்பிப் போக வேண்டியிருக்கு. இல்லாட்டி ஓட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கு. தகவல் இல்லாததற்கான விலையை யாரோ ஒருவர் தினமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அட்டவணை யாரிடம்?

1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையின் தனியார் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை ஆரம்பமானது. வீட்டில் மூத்தம்மாவும் மூத்தப்பாவும் இன்றைக்கும் 'சீ.ரி.பி. பஸ்' என்று சொல்வது அந்தச் சபையின் ஆங்கிலப் பெயரின் சுருக்கத்தைத்தான். பஸ் எல்லாம் ஒரே சபையின் கையில் இருந்ததால், எந்த டிப்போவிலிருந்து எத்தனை மணிக்கு எது போகும் என்ற கணக்கும் ஒரே சபையின் கையில் இருந்தது.

1970களின் கடைசியில் நிலைமை மாறியது. சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 முதல் தனியார் பஸ்களுக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு வந்தது. மாகாணங்களுக்கு இடையில் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது அந்த ஆணைக்குழு. ஒரு மாகாணத்துக்குள் மட்டும் ஓடுகிற தனியார் பஸ் மாகாண அதிகாரசபையின் கீழ் வரும். 2005இல் இன்னொரு சட்டத்தால் அரச பஸ்கள் மறுபடி ஒரே சபைக்குள் கொண்டுவரப்பட்டன. அதுதான் இன்றைய இ.போ.ச.

இப்ப இதை எங்கிட ஏ4 வீதியில் வைத்துப் பாருங்கள். அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை. சுமார் 25 கிலோமீற்றருக்குள் இத்தனை ஊர். இந்த வீதியில் இ.போ.ச. பஸ் வரும். ஊருக்கு ஊர் நின்று போகிற தனியார் பஸ் வரும். கொழும்புக்குப் போகிற தூர பஸ்ஸும் வரும். மூன்றுக்கும் பொறுப்பான இடம் வேறு வேறு. ஒவ்வொரு இடத்திலும் அவரவர் பங்கு மட்டும்தான் இருக்கும். ஒலுவிலில் நிற்கிற பயணிக்கோ எந்த பஸ் யாருடையது என்பது பிரச்சினையே இல்லை. முதலில் வருவதில் ஏறுவார். மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் அவர் மட்டும்தான். முழு அட்டவணையும் இருப்பது பயணியின் மனசில்தான்.

முந்தி இது பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. இந்த வீதியில் போனவங்களில் பெரும்பாலானவங்க இந்த வீதியிலேயே பிறந்து வளர்ந்தவங்க. 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆன பிறகுதான் வீதி தெரியாத இளம் பயணிகள் ஒவ்வொரு வருஷமும் கூட்டமாக வந்து இறங்கத் தொடங்கினாங்க. ஊர்க்காரருக்கு மனப்பாடமாக இருந்த விஷயம் அவங்களுக்குப் புதிராக இருந்தது.

போர்ட்லண்டில் ஒரு பெண் கேட்ட கேள்வி

வெளியூர் ஆள் கேட்கிற அதே கேள்வியிலிருந்துதான் இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படும் பஸ் தகவல் முறையும் பிறந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் பஸ்ஸும் ரயிலும் ஓட்டுகிற ட்ரைமெட் என்ற அரச அமைப்பில் பிபியானா மெக்ஹியூ தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை செய்தார். வேறு நகரங்களுக்குப் பயணம் போகும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். கார் ஓட்டுகிறவருக்கு இணையத்தில் வழி உடனே கிடைக்கிறது; பஸ்ஸில் போகிறவருக்குக் கிடைப்பதில்லை. 2005இல் கூகுளிடம் பேசினார். அங்கே கிறிஸ் ஹரெல்சன் என்ற பொறியியலாளர் ஏற்கெனவே இதே யோசனையில் இருந்தார். ட்ரைமெட் தன் அட்டவணையைக் கொடுத்தது. 2005 டிசம்பரில் போர்ட்லண்டுக்கான பயணத் திட்டம் கூகுளில் வெளிவந்தது.

அந்த அட்டவணையை எழுதுவதற்கு அவர்கள் ஒரு வடிவம் உண்டாக்கினார்கள். ஜீ.ரி.எப்.எஸ். என்பது அதன் சுருக்கப் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒன்றில் தரிப்பிடங்களின் பெயரும் இடமும். இன்னொன்றில் பாதைகள். இன்னொன்றில் ஒவ்வொரு பயணமும். இன்னொன்றில் எந்தத் தரிப்பிடத்துக்கு எத்தனை மணி என்பது. எக்செல் தெரிந்த ஒரு ஏ.எல். பிள்ளையாலேயே திறந்து வாசிக்க முடியும். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் எந்த நகரத்தின் தகவலையும் எந்த மென்பொருளும் வாசிக்கும். அதனால்தான் இந்த வடிவம் இவ்வளவு பரவியது.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சி இருந்தது. ட்ரைமெட்டிடம் எழுதிய அட்டவணை இருந்தது, அதனால் கொடுத்தது. அட்டவணையே இல்லாத ஊர் என்ன செய்வது?

நைரோபி மாணவர்கள்

கென்யாவின் தலைநகரம் நைரோபியில் மக்கள் நம்பியிருப்பது மட்டாட்டு என்ற தனியார் சிறு பஸ்களை. சுவாஹிலி மொழியில் 'டாட்டு' என்றால் மூன்று. ஆரம்ப காலத்தில் கட்டணம் மூன்று நாணயமாக இருந்ததால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். சுவரில் படங்களும் உள்ளே பெரிய சத்தத்தில் பாட்டும் உள்ள அந்த வண்டிகள் ஆள் நிறைந்தால்தான் வெளிக்கிடும். கேட்க எங்கிட கல்முனை ஸ்டாண்ட் மாதிரி இருக்கு தானே? நகரம் முழுக்க ஓடும் இந்த வண்டிகளுக்கு முழுமையான பொது வரைபடம் ஒன்று இருக்கவில்லை.

2012இல் நைரோபிப் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் எம்.ஐ.ரி., கொலம்பியா பல்கலைக்கழகங்களும், குறூப்ஷொட் என்ற நிறுவனமும் சேர்ந்து 'டிஜிட்டல் மட்டாட்டு' என்ற வேலையைத் தொடங்கினார்கள். வீதியில் இறங்கி வேலை செய்தவர்கள் நைரோபிப் பல்கலைக்கழக மாணவர்கள். கையில் போனோடு மட்டாட்டுவில் ஏறி, போகிற பாதையைப் பதிந்து, எங்கெல்லாம் நிற்கிறதோ அந்த இடத்தையும் பெயரையும் குறித்தார்கள். 130க்கும் மேற்பட்ட பாதைகள் இப்படிச் சேர்ந்தன. 2014 ஜனவரியில் லண்டன் பாதாள ரயில் வரைபடம் மாதிரி வண்ணக் கோடுகளில் ஒரு கடதாசி வரைபடம் வெளிவந்தது. தகவல் முழுவதையும் யாரும் எடுத்துப் பாவிக்கத் திறந்து விட்டார்கள். 2015இல் அது கூகுள் வரைபடத்துக்குள்ளும் போனது.

இந்தக் கதையில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது, வடிவத்துக்கும் வீதிக்கும் இடையில் வந்த இழுபறி. போர்ட்லண்டில் பிறந்த வடிவம் நிரந்தரத் தரிப்பிடத்தையும் நிமிடக் கணக்கு நேரத்தையும் எதிர்பார்த்தது. மட்டாட்டு கை காட்டினால் நிற்கும். அதற்கு 7.40 என்ற நேரம் கிடையாது, 'பத்து நிமிஷத்துக்கு ஒன்று' என்பதுதான் உண்மை. ஆகவே அவர்கள் வீதிக்கு ஏற்ற மாதிரி வடிவத்தை வளைக்க வேண்டியிருந்தது. வங்காளதேசத்தின் டாக்கா நகரத்திலும் 2012 அளவில் இளைஞர்கள் போனோடு பஸ்களில் ஏறிப் பாதைகளைப் பதிந்தார்கள். 2016இல் மெக்ஸிகோ நகரம் இதையே ஒரு விளையாட்டுப் போட்டியாக நடத்தி, பயணிகளையே பாதை பதிய வைத்தது.

பஸ் இப்ப எங்கே நிற்குது?

பாதையைப் பதிவது ஒரு வேலை. பஸ் இந்த நிமிடத்தில் எங்கே என்று சொல்வது இன்னொரு வேலை. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2011இல் 'டிராமிசு' என்ற செயலியை வெளியிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய பயணி போனில் ஒரு பொத்தானை அழுத்துவார். உள்ளே இடம் இருக்கா, நெரிசலா என்பதையும் சொல்வார். அவர் போகப் போக அவருடைய போனே பஸ் இருக்கும் இடத்தை அடுத்த தரிப்பிடத்தில் நிற்பவருக்குச் சொல்லும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, வருகிற பஸ்ஸில் இடம் இருக்கா என்று முந்தியே தெரிவது எவ்வளவு பெரிய உதவி என்று யோசியுங்கள்.

இந்தியாவில் ரயில் பயணிகள் பாவிக்கும் 'வேர் இஸ் மை ட்ரெயின்' செயலி இன்னொரு கெட்டித்தனம் செய்தது. ரயிலில் இருக்கும் போன் எந்த டவரோடு தொடர்பில் இருக்கிறது என்பதை வைத்தே ரயில் எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடிக்கும். அதற்கு டேட்டாவும் வேண்டாம், ஜீ.பி.எஸ்ஸும் வேண்டாம். பெங்களூரில் அதைச் செய்த சிறிய நிறுவனத்தை 2018 டிசம்பரில் கூகுள் வாங்கியது.

இலங்கையிலும் ரயில் பயணிகள் தாங்கள் இருக்கும் ரயிலின் இடத்தைத் தாங்களே பகிர்கிற செயலி இருக்கிறது. ஆனால் ரயில் மட்டக்களப்போடு நிற்கிறது. அதற்குத் தெற்கே எங்களுக்கு பஸ்தான்.

பயணி கொடுத்தது யாருக்குப் போனது?

இஸ்ரேலில் தொடங்கிய மூவிற் என்ற செயலி பல நாட்டு பஸ் தகவலைச் சேர்த்தது. அதில் பெரிய பங்கு தன்னார்வலர்களுடையது. சொந்த ஊர் பஸ் பாதைகளைச் சம்பளமில்லாமல் திருத்திக் கொடுத்தார்கள். 2020இல் இன்டெல் அந்த நிறுவனத்தைச் சுமார் 90 கோடி டொலருக்கு வாங்கியது. தென்னாபிரிக்காவோடு தொடர்புடைய வேர்இஸ்மைட்ரான்ஸ்போர்ட் என்ற நிறுவனம் மட்டாட்டு மாதிரியான வண்டிகள் ஓடும் நகரங்களின் பாதைகளைப் பதிந்து வந்தது. 2023இல் அது மூடப்பட்டது.

ஒன்று விலைக்குப் போனது, மற்றது மூடுப்பட்டுப் போனது. இரண்டிலும் தகவலின் சாவி, அதைச் சேர்த்துக் கொடுத்த ஊரின் கையில் இருக்கவில்லை. நைரோபியில் தகவலைத் திறந்து விட்டதால், அந்த வேலைத்திட்டம் நாளைக்கு நின்றாலும் யாரும் எடுத்துத் தொடரலாம். இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

எங்கிட வட்ஸ்அப் குறூப்புகள்

எங்கிட ஊர்களிலும் பயணிகளின் போன் ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கு. முதலில் மிஸ்ட் கோல். பாலமுனையில் ஏறியவர் ஒரு மிஸ்ட் கோல் அடித்தால், ஒலுவிலில் இருக்கிற கூட்டாளி செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். பிறகு வட்ஸ்அப். 2022இல் டீசல் இல்லாமல் பஸ்கள் குறைந்த மாதங்களில் "அக்கரைப்பற்றால ஒண்டு வெளிக்கிட்டுட்டு" என்ற ஒரு வரிச் செய்திக்கு இருந்த மதிப்பு, அந்த நாட்களில் வீதியோரத்தில் நின்றவங்களுக்குத் தெரியும்.

ஆனால் குறூப்புக்கு இரண்டு பலவீனம் இருக்கு. முதலாவது ஞாபகம். நாலு வருஷம் பதிந்த அனுபவம் முழுவதும், அந்த பட்ச் வெளியேறும்போது குறூப்போடு அடங்கிப் போகும். அடுத்த பட்ச் முதலிலிருந்து கேட்கத் தொடங்கும். இரண்டாவது, அந்தக் குறூப் எங்கிட கையில் இல்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. 2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் மறுபடி முடக்கம். பாதுகாப்பாக வீட்டுக்குப் போவது எப்படி என்று மிக அவசரமாகத் தெரிய வேண்டிய நாட்களில்தான் குறூப் வேலை செய்யவில்லை. கடதாசியில் அச்சடித்து ஹொஸ்டல் சுவரில் ஒட்டிய அட்டவணையை யாராலும் அப்படி முடக்க முடியாது.

போன் சொல்லும் மற்றக் கதை

பஸ் எங்கே என்று சொல்கிற போன், அதில் இருக்கிற பிள்ளை எங்கே என்பதையும் சொல்லும். போன் தானாக விட்டுச்செல்லும் தடயத்தின் அளவு என்ன என்று தெரிய இலங்கையிலேயே உதாரணம் இருக்கு. லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனம் போன் கொம்பனிகளிடமிருந்து பெயர், இலக்கம் நீக்கப்பட்ட அழைப்புப் பதிவுகளைப் பெற்று, கொழும்புக்குள் மக்கள் எங்கிருந்து வந்து போகிறார்கள் என்று ஆராய்ந்தது. பகலில் கொழும்பு நகரத்தில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்று அதில் தெரிந்தது. வீதி திட்டமிட இது மிகவும் பயனுள்ள வேலை. ஆனால் அந்தப் பதிவுகளில் இருந்தவர்கள் யாரும் பொத்தான் எதையும் அழுத்தவில்லை. அதை நினைவில் வைக்க வேண்டும்.

இருட்டில் தனியாகப் போகிற ஒரு தங்கச்சியின் நேரடி இடம் முகம் தெரியாத ஐந்நூறு பேருக்குத் தெரிவதை நாங்கள் யாரும் விரும்ப மாட்டோம். 2019க்குப் பிறகு சந்தேகக் கண்ணோடு பார்க்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு இதில் கூடுதல் கவனம் தேவை என்பதையும் விளக்கத் தேவையில்லை.

எங்கே தொடங்கலாம்?

இவ்வளவு வரலாற்றையும் பார்த்த பிறகு எங்கிட கருத்து இதுதான்: எங்கிட வீதிக்குப் பிற்ஸ்பேர்க் வழியை விட நைரோபி வழி முதலில் பொருந்தும். நேரடி இடம் சொல்லும் செயலி வேலை செய்ய, ஒவ்வொரு பஸ்ஸிலும் ஒருவராவது அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு பஸ்ஸில் யாரும் திறக்காவிட்டால் அந்த பஸ் இல்லாத மாதிரியே தெரியும். இரண்டு தடவை ஏமாந்த ஆள் மூன்றாம் தடவை அந்தச் செயலியைப் பார்க்கமாட்டார். டேட்டாவும் செலவு. பாதையையும் தரிப்பிடத்தையும் நேர இடைவெளியையும் ஒரு தடவை பதிவது அப்படி இல்லை. சில பேர் சில கிழமை செய்தால் எல்லாருக்கும் உதவும். யாருடைய இடத்தையும் தினமும் பகிரத் தேவையில்லை.

இது கம்பியூட்டர் படிக்கிறவங்களின் வேலை மட்டும் என்று கலைப்பீடத்து ஆட்கள் ஒதுங்கவும் முடியாது. இதில் கஷ்டமான பகுதி மொழியும் ஊரும்தான். தரிப்பிடத்துக்கு என்ன பெயர் எழுதுவது? வரைபடத்தில் இருக்கிற பெயரைச் சொன்னால் கண்டக்டருக்கு விளங்காது. பள்ளியடி, கோயிலடி, சந்தையடி, கெம்பஸ் கேட் என்றால்தான் விளங்கும். எங்களோடு படிக்கிற சிங்களப் பிள்ளைகளுக்காக அதே பெயர் சிங்களத்திலும் வேணும். பிரயோக விஞ்ஞானப் பீடம் சம்மாந்துறையில் இருப்பதால், காரைதீவுச் சந்தியில் மாறிப் போகிற வழியும் எழுதப்பட வேணும்.

நேரத்திலும் ஊர் இருக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்து ஓட்டம் மற்ற நாள் மாதிரி இருக்காது. நோன்பு மாதத்தில் இஃப்தாருக்கு முந்தி ஒரு அவசரம், பிறகு ஒரு வெறுமை. பெருநாள், தீபாவளி, போயா நாள் எல்லாம் வேறு கணக்கு. ஜீ.ரி.எப்.எஸ். வடிவத்தில் கிழமை நாட்களுக்கு ஒரு கோப்பும், விதிவிலக்கான திகதிகளுக்கு இன்னொரு கோப்பும் ஏற்கெனவே இருக்கு. அந்த வரிகளை நிரப்ப இந்த வீதியில் போய் வருகிறவங்களால்தான் முடியும்.

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை வரை ஒரு பாதையை மட்டும் எடுத்துத் தொடங்கலாம். ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயர், இரண்டு மொழியில். காலை, மத்தியானம், பின்னேரம் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு பஸ். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலுவிலைக் கடந்து போகும் கடைசி பஸ் வடக்குப் பக்கம் எத்தனை மணிக்கு, தெற்குப் பக்கம் எத்தனை மணிக்கு என்ற இரண்டு வரி. எழுதியதை யாரும் எடுக்கக்கூடிய மாதிரித் திறந்து வைத்து, ஒரு பிரதியை ஹொஸ்டல் சுவரிலும் ஒட்டுவோம். அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகள் அதில் பிழை இருந்தால் திருத்தட்டும்.